பலகையில் அழிந்த படிகள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் அமைந்திருப்பது குச்சவெளி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் வயலும். மீன்பிடியையும் விவசாயத்தையும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களின் பிள்ளைகளுக்கும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் இன்று ஒரு பாடமாகிவிட்டது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமலே பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை இளைஞரிடையே வேரூன்றி வருகிறது. கணக்கில் சற்றுக் கெட்டிக்காரத்தனம் காட்டும் பிள்ளைக்கு ஆசிரியரும் பெற்றோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் முதற்பெயர் சீனிவாச இராமானுஜன். அது தகுதியான பெயரே. ஆயினும் அவரைப் பற்றி நாம் சொல்லிவரும் கதை பாதிக் கதை மட்டுமே. வறுமை, மேதைமை, 1729 என்னும் வாடகைக் கார் எண் ஆகியவற்றோடு அக்கதை முடிந்துவிடுகிறது. அவர் விட்டுச்சென்ற முடிவுகளைச் சரிபார்க்க உலகம் எத்தனை ஆண்டுகள் பாடுபட்டது என்னும் மறுபாதியை நாம் சொல்வதில்லை. மென்பொருள் எழுதப் புகும் தலைமுறைக்கு அந்த மறுபாதியே இன்று மிகவும் வேண்டப்படுவதாகும்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாய் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்த சிறிய வீட்டில் குடும்பத்தின் வருமானம் போதாமையால் மாணவர்களை உணவோடு தங்கவைத்தும் பொருள் ஈட்டினார்கள். அம்மாணவர்களின் கணக்குப் புத்தகங்களே சிறுவன் இராமானுஜனின் முதல் நூலகமாயின. நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பல பெற்ற அவர், ஏறத்தாழப் பதினாறாவது வயதில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூலொன்றைக் கண்டார். பரீட்சைக்குப் படிப்போருக்காக எழுதப்பட்ட அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கிடையாது. இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்பு மட்டுமே.

அந்த நூல் அவருக்கு வரமாகவும் அமைந்தது, பழக்கமொன்றைப் படியவைத்த காரணமாகவும் அமைந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் வழியைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க நேர்ந்ததால் அவரது ஆற்றல் பன்மடங்கு வளர்ந்தது. அதே வேளையில், கணிதம் எழுதுவது என்றால் முடிவை மட்டும் எழுதுவது என்னும் எண்ணமும் அவரிடம் நிலைத்துவிட்டது. இதற்கு வறுமையும் துணைநின்றது. காகிதம் விலை மிகுந்த பொருள். ஆகவே அவர் கற்பலகையில் கணக்கிட்டார். துணியைத் தேடவும் பொறுமையின்றி முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலும் கணக்கிட்டார். இறுதியில் கிடைத்த முடிவு மட்டும் குறிப்பேட்டில் ஏறிற்று. அந்த முடிவை அடைந்த படிகள் முழங்கையோடு போயின.

கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தமையால் ஏனைய பாடங்களில் அவர் தோற்றார். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. அடுத்த ஆண்டு வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் இடைநிலைப் பரீட்சையில் தேறவில்லை. 1909இல் ஜானகியை மணந்தபின், பட்டமுமில்லாத தொழிலுமில்லாத இளைஞராகத் தம் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு அறிஞர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவும் அவரது தகுதியை உணர்ந்து கைகொடுத்தனர்.

1911இல் அக்கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதலாவது ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெர்னோலி எண்கள் என்னும் பின்னத் தொடரைப் பற்றியது அது. எழுதிய முறை சுருக்கமாகவும் தெளிவின்றியும் இருந்தமையால் ஆசிரியர் அதைப் பலமுறை திருத்தி எழுதுவிக்க வேண்டியதாயிற்று. அதே எண்களுக்குக் கணினி வரலாற்றிலும் தனி இடமுண்டு. 1843இல் அடா லவ்லேஸ் அம்மையார், சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட இயந்திரத்துக்காக வெளியிட்ட கணிப்பு அட்டவணையே உலகின் முதல் நிரல் எனப் பலரால் மதிக்கப்படுகிறது; அது கணிக்க முயன்றதும் பெர்னோலி எண்ணையே. அந்த முதல் நிரலிலேயே ஒரு வகுத்தலில் வகுபடுவதும் வகுப்பதும் இடம்மாறி அச்சாகிவிட்டன. நிரலும் பிழையும் இரட்டைப் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் பழைய சான்று கிடையாது.

இராமானுஜனின் கட்டுரையிலும் ஒரு பிழை இருந்தது. இரட்டை வரிசையிலுள்ள பெர்னோலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் வரும் பின்னத்தின் தொகுதி, 1 ஆக இல்லாதபோது முதன்மை எண்ணாகவே இருக்கும் என்று அவர் கருதினார். தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே முதன்மை எண். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் ஒன்பது இடங்களில் 1, 691, 3617, 43867 என்பனவே வருகின்றன. 1 நீங்கலாக மூன்றும் முதன்மை எண்கள்தாம். பத்தாவது இடத்தில் வருவது 174611. அது 283ஐ 617ஆல் பெருக்கக் கிடைப்பது, முதன்மை எண்ணன்று. ஒன்பது முறை உண்மையாயிருந்த ஒன்று பத்தாவது முறையில் பொய்த்தது. ஒன்பது உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நிரல் சரியாகவே இயங்குகிறது என்று ஒப்படைத்துவிடும் எவரும் இந்தப் பத்தாவது இடத்தை மறக்கலாகாது.

1912 மார்ச் முதலாம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில், கணக்குப் பிரிவு எழுத்தராக அவர் வேலைக்குச் சேர்ந்தார். துறைமுகத்தை அண்டி வாழும் திருகோணமலை வாசகருக்கு அத்தகைய அலுவலகத்தின் ஒழுங்கை விளக்க வேண்டியதில்லை. அங்கே எந்தத் தொகையும் சான்றின்றிப் பேரேட்டில் ஏறாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஆண்டு பல கழிந்த பின்னரும் கணக்காய்வாளர் வந்து எந்தப் பதிவின் வழியையும் பின்தொடர்ந்து செல்ல இயல வேண்டும். பகலில் அத்தகைய பேரேடுகளோடு வாழ்ந்த இராமானுஜன், இரவில் எழுதிய தமது குறிப்பேடுகளில் அந்த ஒழுங்கைக் கைக்கொள்ளவில்லை என்பது ஒரு முரண்.

நல்வாய்ப்பாக அவருடைய மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இருவரும் பலகையோடு அமர்ந்து கணக்கிடுவது வழக்கம். இராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும்போது ஐயருக்குத் தொடர முடிவதில்லை. இடையிலுள்ள படிகளை எழுதிக்காட்டும்படி அவர் வற்புறுத்துவாராம். தமக்கே புரியாதது வேறு யாருக்குப் புரியும் என்பது அவருடைய கவலை. மென்பொருள் நிறுவனங்களில் இன்று ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பது கட்டாய நடைமுறையாக உள்ளது. எழுதியவரின் திறமையில் ஐயமுற்றுச் செய்வதன்று அது. எழுதியவர் இல்லாத நாளிலும் நிரல் பிறருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது. துறைமுக அலுவலகத்தின் அந்த மேலதிகாரி, அப்பெயர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, அப்பணியைச் செய்துவந்தார்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் அதனோடு அனுப்பப்பட்டன, நிறுவல்கள் இல்லை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணிதர் என்று முடிவுகட்டினர். அதே வேளையில் ஒரு பெருங்குறையையும் கண்டனர். ஓர் எண்ணுக்குள் எத்தனை முதன்மை எண்கள் உள்ளன என்பதைக் காட்டும் தமது சூத்திரம் ஏறக்குறையத் துல்லியமானது என இராமானுஜன் நம்பியிருந்தார். சிறிய எண்களில் அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. எண்கள் பெரிதாகும்போது அவர் கூறிய துல்லியம் நிலைக்கவில்லை.

இதே துறையில் லிட்டில்வுட் 1914இல் நிறுவிய உண்மை இன்னும் வியப்பானது. முதன்மை எண்களின் தொகையை மதிப்பிடும் காவுஸ் காலத்துச் சூத்திரமொன்று, கணக்கிட்டுப் பார்த்த இடமெல்லாம் உண்மைத் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டிற்று. எப்போதும் அப்படியே என்று எவரும் எண்ணியிருப்பர். அந்த நிலை முடிவின்றி மாறிமாறி வரும் என்று லிட்டில்வுட் நிறுவினார். அவ்வாறு மாறும் இடம் ஒன்றைக்கூட இன்றைய கணினிகளாலும் நேரில் எட்ட முடியவில்லை. சோதனை பிழை உண்டென்று காட்ட வல்லது. பிழையே இல்லையென்று காட்ட அதனால் ஒருபோதும் ஆகாது. மென்பொருள் பொறியியலின் அடிப்படைப் பாடமாகிய இதை எண்கணிதம் கணினிக்கு முன்னரே கற்பித்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகையை 1913இல் பெற்ற இராமானுஜன், 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறி ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார். ட்ரினிட்டி கல்லூரியில் கழிந்த ஐந்தாண்டுகள் அவர் வாழ்வின் உச்சமாகும். அந்த உச்சத்துக்குக் காரணம் ஹார்டியின் அறிவு மட்டுமன்று. இருவேறு இயல்புகளின் சேர்க்கையாகும். ஒருவர் காண்பார், மற்றவர் நிறுவச் சொல்வார். அவரது உள்ளுணர்வை முடக்கிவிடாமல் நிறுவலின் தேவையை உணர்த்துவது ஹார்டிக்கு எளிதாயிருக்கவில்லை.

இச்சேர்க்கையின் சிறந்த விளைவு எண் பிரிவினை பற்றிய சூத்திரம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் பிரிக்கலாம். 100ஐ 19 கோடிக்கும் மேற்பட்ட வழிகளில் பிரிக்கலாம். ஒவ்வொன்றாக எண்ணாமல் இத்தொகையைக் காணும் வழியை இருவரும் கண்டு 1918இல் வெளியிட்டனர். சூத்திரம் சரியா என்று பார்க்க அவர்கள் நாடியது மக்மஹோன் என்னும் முன்னாள் பீரங்கிப் படை அதிகாரியை. அவர் முற்றிலும் வேறான முறையில், கையாலேயே, 200 வரைக்கும் அட்டவணை தயாரித்தார். 200க்கு அவர் கண்ட விடை 3972999029388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்தது 3972999029388.004. ஒரே வழியில் இருமுறை கணக்கிட்டால் அதே பிழை இருமுறை வரும். வேறொரு வழியில் வேறொருவர் கணக்கிட்டு ஒத்துவந்தால்தான் நம்பலாம். இன்றைக்கும் சரிபார்ப்பின் பொன்விதி இதுவே.

கேம்பிரிட்ஜ் சென்ற ஆண்டிலேயே அவர் வெளியிட்ட பை பற்றிய கட்டுரையில் வேறொரு விந்தையும் உண்டு. பையை 58இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் எண்ணை e என்னும் மாறிலிக்கு அடுக்காக இட்டால் கிடைப்பது 24591257751.99999982 என்று தொடரும் எண். பன்னிரண்டு இலக்கம் மட்டும் காட்டும் கணிப்பானில் இது முழு எண்ணாகவே தோன்றும். உண்மையில் முழு எண்ணன்று. இயந்திரம் காட்டும் எண்ணும் உண்மையான எண்ணும் ஒன்றென நம்புவோர் தடுமாறும் இடம் இது. இத்தகைய நுண்ணிய வேறுபாடு விளையாட்டன்று என்பதை 1991 பெப்ரவரி 25 உணர்த்திற்று. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த ஏவுகணைத் தடுப்புக் கருவியின் மென்பொருள், ஒரு வினாடியின் பத்திலொரு பங்கைக் கணினியின் இரும எண்ணில் வெட்டிக் குறுக்கி வைத்திருந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் அந்தத் துணுக்குப் பிழை வினாடியின் மூன்றிலொரு பங்காக வளர்ந்தது. வந்த ஏவுகணையைக் கருவி தவறவிட்டது. இருபத்தெட்டுப் படையினர் மாண்டனர்.

போர்க்கால இங்கிலாந்தில் சைவ உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் சேர்ந்து 1917இல் இராமானுஜனைப் படுக்கையில் தள்ளின. பட்னியில் சிகிச்சை பெற்றிருந்தபோது தம்மைக் காணவந்த ஹார்டியின் வாடகைக் கார் எண் 1729 சுவையற்றதன்று என்று அவர் எடுத்துக்காட்டினார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது. 12இன் கனத்தோடு 1ஐயும், 10இன் கனத்தோடு 9இன் கனத்தையும் கூட்டினால் இரண்டும் 1729 ஆகும். இது அக்கணத்தில் உதித்த மின்னல் என்று பலர் எண்ணுகின்றனர். அவருடைய தாள்களோ வேறு செய்தி கூறுகின்றன. இரு கன எண்களின் கூட்டல் இன்னொரு கனத்துக்கு ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ வரும் எண்களை அவர் முறையாகத் தேடியிருந்தார். 135இன் கனமும் 138இன் கனமும் சேர்ந்தால் 172இன் கனத்துக்கு ஒன்று குறைவு என்பது போன்ற முடிவுகள் அத்தாள்களில் உள்ளன. மின்னலாகத் தோன்றியது நெடுநாள் உழைப்பு.

இந்த 1729க்கு நிரலாளர் அறியவேண்டிய இன்னொரு முகமும் உண்டு. இணையவழி வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் பூட்டுகள் பல, பெரிய முதன்மை எண்களைக் கொண்டு அமைக்கப்படுபவை. ஓர் எண் முதன்மை எண்ணா என விரைவில் பார்க்க ஃபெர்மாவின் சோதனை என்றொரு வழி உண்டு. 1729 என்பது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கம், முதன்மை எண்ணன்று. ஆயினும், அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு அச்சோதனையை நடத்தினாலும் அது தேறிவிடுகிறது. ஒரே வகைச் சோதனையை ஆயிரம் முறை செய்வது ஆயிரம் சோதனையாகாது என்பதற்கு இராமானுஜனின் பெயரோடு ஒட்டிய எண்ணே சாட்சி. அதனாற்றான் இன்றைய மென்பொருள்கள் இதனினும் கடுமையான சோதனைகளைப் பயன்படுத்துகின்றன.

1918இல் அரச கழகத்தின் உறுப்பினர் பதவியும், ட்ரினிட்டி கல்லூரியின் உறுப்பினர் பதவியும் இராமானுஜனைத் தேடிவந்தன. பிந்தியதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919இல் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுத்த படுக்கையிலும் எழுதிக்கொண்டேயிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய பொருளை அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தமது முப்பத்திரண்டாவது வயதில் காலமானார். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

அதன்பின் தொடங்கியது கதையின் மறுபாதி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் கொண்ட குறிப்பேடுகள் 1957இல்தான் படியாக அச்சேறின. இறுதி ஆண்டின் தாள்கள் 1976இல் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் முந்திய குறிப்பேடுகளின் முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். பிழைகள் மிகச் சிலவே எனக் கண்டார். போலித் தீட்டாச் சார்புகளின் உட்பொருள் விளங்கியதோ 2002இல், சுவேகர்ஸ் என்னும் இளம் ஆய்வாளரின் ஆய்வேட்டினால். அழிந்துபோன படிகளைத் திரும்ப எழுத எண்பது ஆண்டுகளும் பலருடைய வாழ்நாளும் செலவாயின.

இதற்கிடையில் கணினி உலகம் அவரைப் பயன்படுத்தத் தொடங்கிற்று. 1985இல் கோஸ்பர் என்னும் நிரலாளர், 1914ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்த ஒரு தொடரைக் கொண்டு பையின் 1,75,26,200 இலக்கங்களைக் கணித்தார். ஓர் உறுப்பைக் கூட்டுந்தோறும் எட்டு இலக்கங்கள் தரும் அற்புதத் தொடர் அது. ஆனால் அன்று அதற்கு முழு நிறுவல் கிடையாது. வேறு சூத்திரத்தால் ஜப்பானியர் முன்பே கண்டிருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டே நம்பிக்கை பெற முடிந்தது. 1987இல் போர்வைன் சகோதரர்கள் நிறுவல் தந்தனர். 2022இல் நூறு இலட்சம் கோடி இலக்கங்கள் கணிக்கப்பட்டதும் இராமானுஜன் வழிவந்த தொடர் ஒன்றினாலேயே. அங்கும் விடையின் இறுதிப் பகுதி முற்றிலும் வேறான சூத்திரம் ஒன்றினால் சரிபார்க்கப்பட்டது.

இராமானுஜனின் குறையைச் சொல்வது அவர் பெருமையைக் குறைப்பதாகாது. காகிதம் வாங்க இயலாத இளைஞன் படிகளை அழித்ததற்கு வறுமை பொறுப்பு. வழிகாட்ட ஆளில்லாத தனிமை பொறுப்பு. இன்றைய மாணவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. எழுதிய நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தோடு சேமித்து வைக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருந்தும், விளக்கக் குறிப்பின்றி எழுதுவதையும், ஓரிரு முறை ஓடியதும் முடிந்தது எனக் கைகழுவுவதையும், பிறர் பார்த்தால் அவமானம் என்று ஒளிப்பதையும் மேதைமையின் அடையாளமாகக் கருதும் போக்கு இளைஞரிடம் காணப்படுகிறது. இப்போது கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. முடிவு கையில் இருக்கிறது, வழி தெரியவில்லை என்னும் கற்பலகை நிலைக்கு அவை நம்மை மீண்டும் கொண்டுசெல்லக்கூடும்.

குச்சவெளிக் கரைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்ததற்கும் எமது கிழக்குக் கரையை அலை விழுங்கியதற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. எச்சரிக்க ஓர் ஏற்பாடு இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று அந்த ஏற்பாடு உண்டு. நில அதிர்வை அளந்து, அலையின் உயரத்தையும் வரும் நேரத்தையும் கணித்து, செய்தி அனுப்புவது மென்பொருளே. அதில் பத்தாவது இடத்தில் ஒளிந்திருக்கும் பிழையொன்று, அதை எழுதியவரின் பெயரைக்கூட அறியாத ஒரு கரையோரக் குடும்பத்தின்மேல் விழும்.

ஆகவே எமது பிள்ளைகளுக்கு இராமானுஜனை முழுமையாகச் சொல்வோம். எண்களின்மீது அவர் கொண்ட தீராக் காதலைச் சொல்லும்போதே, இடைப் படிகளைக் கேட்டு நின்ற துறைமுக அதிகாரியையும், கையால் அட்டவணை போட்ட படைவீரரையும், வாழ்நாளைச் சரிபார்ப்பில் செலவிட்ட பேராசிரியரையும் சேர்த்துச் சொல்வோம். பாடசாலையில் விடைக்கு மட்டுமன்றி வழிக்கும் புள்ளி வழங்குவோம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் வழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்குவோம். மேதை எப்போதாவது ஒருவர்தான் பிறப்பார். படிகளை அழிக்காமல் எழுதிவைக்கும் ஒழுக்கமோ குச்சவெளியின் எந்தப் பிள்ளைக்கும் இன்றே கைவரக்கூடியது.